கயா லால் எப்படிக் ‘கயா ராம்’ ஆனார்?

எந்த மாநிலத்தில் ஆட்சி ஆட்டம் கண்டாலும் இந்திய நாளேடுகள் ஒரு தொடரைத் தூசு தட்டி எடுக்கின்றன: ‘ஆயா ராம், கயா ராம்’. ‘வந்தான் ராம், போனான் ராம்’ என்பது அதன் நேர்ப்பொருள். தமிழ் ஏடுகளும் இதை மொழிபெயர்க்காமல் அப்படியே அச்சிடுகின்றன. ‘ஆயா’ என்றதும் பாட்டியை நினைத்துக்கொள்ளும் வாசகரைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு சட்டமன்றத் தொகுதியின் சுயேச்சை உறுப்பினரின் பெயரிலிருந்து பிறந்த தொடர் இது. நாட்டின் அரசியல் சொல்வளத்தில் ஒரு பொதுப்பெயராகவே அது நிலைத்துவிட்டது. பெயருக்கு உரியவரும் அவரை அனுப்பிய தேர்தல் முடிவும் எளிதில் மறக்கப்பட்டன.

ஹரியானா 1966 நவம்பர் 1 அன்று பஞ்சாபிலிருந்து மொழி அடிப்படையில் பிரிக்கப்பட்ட மாநிலம். அதன் முதல் பொதுத்தேர்தல் 1967 பிப்ரவரியில் நடந்தது. மொத்தம் 81 இடங்கள். காங்கிரஸ் 48, ஜனசங்கம் 12, சுதந்திராக் கட்சி 3, குடியரசுக் கட்சி 2. எஞ்சிய 16 இடங்களில் சுயேச்சைகள் வென்றிருந்தனர். இந்தப் பட்டியலைப் படிப்போர் 48 என்ற எண்ணிலேயே நின்றுவிடுகின்றனர். பேரவையின் இரண்டாவது பெரிய தொகுதி எந்தக் கட்சியும் அல்ல, சுயேச்சைகளே என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. ஐந்து உறுப்பினர்களில் ஏறத்தாழ ஒருவர் கட்சிச் சின்னம் இன்றி வந்தவர். அவர்களில் பலர் காங்கிரசில் வாய்ப்பு மறுக்கப்பட்டு, தம் ஊரின் பலத்தை மட்டுமே நம்பி நின்றவர்கள்.

காங்கிரசின் பகவத் தயாள் சர்மா மார்ச் 10 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றார். ஒரே வாரம். மார்ச் 17 அன்று நடந்த பேரவைத் தலைவர் தேர்தலில் ஆளுங்கட்சி நிறுத்தியவர் தோற்றார். வென்றவர் காங்கிரஸ் உறுப்பினரான ராவ் வீரேந்திர சிங். அவரை வெல்ல வைத்தவை எதிர்க்கட்சிகளின் வாக்குகளும் காங்கிரசின் அதிருப்தியாளர் வாக்குகளும். பன்னிரண்டு காங்கிரஸ் உறுப்பினர்கள் வெளியேறித் தனி அணி கண்டனர். சுயேச்சைகளும் தமக்கென ஓர் அணி அமைத்தனர். எல்லாரும் கூடி ஐக்கிய முன்னணி ஆயினர். மார்ச் 24 அன்று ராவ் வீரேந்திர சிங்கே முதலமைச்சர். தேர்தல் முடிவின் மை உலரும் முன்பே அதன் பொருள் தலைகீழானது. அதன்பின் எட்டு மாதங்கள் உறுப்பினர்கள் இரு பக்கமும் போய் வந்த வண்ணம் இருந்தனர். நவம்பர் 21 அன்று ஆட்சி நீக்கப்பட்டுப் பேரவையும் கலைக்கப்பட்டது.

இந்தப் போக்குவரத்தில் ஒருவர்தான் ஹசன்பூர் தொகுதியின் கயா லால். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி அது. அன்றைய குர்காவ்ன் மாவட்டத்தின் தென்கோடியில், யமுனையை ஒட்டி, உத்தரப் பிரதேச எல்லையில் இருந்தது. சுயேச்சையாக வென்ற கயா லால் காங்கிரசில் சேர்ந்தார். பின்னர் இரண்டு வாரத்துக்குள் முன்னணிக்குப் போய், காங்கிரசுக்குத் திரும்பி, ஒன்பது மணி நேரத்தில் மீண்டும் முன்னணிக்கு வந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அவரைச் சண்டிகரில் செய்தியாளர் முன் நிறுத்தி, ‘கயா ராம்’ இப்போது ‘ஆயா ராம்’ ஆகிவிட்டார் என்று ராவ் வீரேந்திர சிங் அறிவித்ததாகவும் அதே வரலாறு கூறுகிறது.

அந்தச் சிலேடையைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். வட இந்தியாவில் கயா பிரசாத், கயா தீன், கயா லால் போன்ற பெயர்கள் கயைத் திருத்தலத்தை ஒட்டி இடப்படுபவை. தமிழகத்தில் பிள்ளைக்குப் பழனி என்றும் காசி என்றும் பெயரிடுவதைப் போல. இந்தியில் ‘போனான்’ என்னும் இறந்தகால வினைமுற்றும் ‘கயா’தான், ஒலியும் எழுத்தும் ஒன்றே. ஆக, ஊர்ப்பெயர் வினைச்சொல்லாகப் படிக்கப்பட்டது. பிறகு ‘லால்’ கழன்று ‘ராம்’ ஒட்டியது. யாரோ ஒருவன் என்ற பொருளில் கேலிப்பெயர் கட்ட இந்தியில் ராம் எளிதாக வந்து உதவும். நம்மிடம் சாப்பாட்டு ராமன் இருப்பதுபோல. ஒரு தனிமனிதரின் பெயர் இவ்விரண்டு திருப்பங்களில் ஒரு வகைமாதிரியின் பெயராகிவிட்டது. மொழியியலில் இதை மறுபகுப்பு என்பார்கள். சிலேடை செய்தவருக்கு அந்தக் கலைச்சொல் தேவைப்படவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஹோடல், ஹசன்பூர் வட்டாரம் ஹரியானாவின் பெரும்பகுதியைப் போன்றதன்று. மதுராவுக்கு அருகே அமைந்த பிரஜ் மொழி வட்டாரம். பிரஜில் ஆண்பால் ஒருமை இறந்தகால வினை ‘ஆ’ என்று முடிவதில்லை. வந்தான் என்பது ‘ஆயோ’, போனான் என்பது ‘கயோ’. கயா லாலுக்கு வாக்களித்தவர்களின் வீட்டுப்பேச்சில் இந்தச் சிலேடை ஒட்டாது. அது கடீபோலி இந்தியில், தலைநகரில், செய்தியாளர் செவிக்கென்று பிறந்த நகைச்சுவை. மொழியின் பெயரால் பிறந்த மாநிலத்தின் முதல் அரசியல் சொற்கொடை, அம்மாநிலத்தின் ஒரு மூலையினது பேச்சைப் பொருட்படுத்தாமல் பிறந்திருக்கிறது.

தேர்தல் ஆணையத்தின் 1967 புள்ளிவிவர அறிக்கையில் வேட்பாளர் பெயர்கள் தலைப்பெழுத்தாகச் சுருங்கிக் கிடக்கின்றன. அங்கே அவர் ‘ஜி. லால்’. அரசு ஆவணம் லாலை வைத்துக்கொண்டு கயாவை விட்டது. மக்கள் நினைவு கயாவை வைத்துக்கொண்டு லாலை விட்டது.

யாருடைய பெயர் பொதுப்பெயர் ஆகிறது என்பதும் அரசியலே. காங்கிரசின் பெயரில் வென்று, அதே மார்ச் மாதத்தில் எதிரணியின் முதலமைச்சரானவர் ராவ் வீரேந்திர சிங். உத்தரப் பிரதேசத்தில் சரண் சிங் 1967 ஏப்ரல் 1 அன்று காங்கிரசை விட்டு விலகினார். ஏப்ரல் 3 அன்று முதலமைச்சர். மத்தியப் பிரதேசத்தில் அதே ஆண்டு ஜூலையில் 36 காங்கிரஸ் உறுப்பினர்களுடன் வெளியேறிய கோவிந்த் நாராயண் சிங் முதலமைச்சர். 1980 ஜனவரியில், மத்தியில் இந்திரா காந்தி திரும்பி வந்ததும், ஹரியானாவின் ஜனதா முதலமைச்சர் பஜன் லால் தம் அமைச்சரவையோடு அப்படியே காங்கிரசுக்குக் குடிபெயர்ந்தார், பதவிகூட மாறவில்லை. இவர்களுள் எவர் பெயரும் பொதுச்சொல் ஆகவில்லை. இவர்களின் நகர்வுக்கு ‘பிளவு’, ‘அணி மாற்றம்’, ‘புதிய கூட்டணி’ என்ற கண்ணியமான சொற்கள் கிடைத்தன. தனித்தொகுதியிலிருந்து தனியாளாக வந்தவருக்கு மட்டும் பழிச்சொல். கயா லால் செய்தது பாராட்டத்தக்கது என்று வாதிட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிலேடையைச் சொன்னவரே அவரைவிடப் பெரிய தாவலைச் செய்தவர் என்பதைப் பாடநூல்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

இது இந்தி மாநிலங்களின் நோய் என்று தெற்கிலிருந்து கைகட்டிப் பார்ப்பதும் பொருந்தாது. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றது. பிரகாசம் தலைமையிலான எதிரணி ஆட்சி கோரியது. ஆளுநர் அழைத்ததோ தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை. அவர் மேலவைக்கு நியமிக்கப்பட்டார். காங்கிரசை எதிர்த்துப் போட்டியிட்ட காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அந்த அமைச்சரவையில் இடம்பெற்றார். அதற்கு ராஜதந்திரம் என்று பெயர்.

1967இன் பேரலையை அடுத்து, மக்களவையின் தீர்மானப்படி உள்துறை அமைச்சர் ஒய்.பி. சவான் தலைமையில் குழு ஒன்று அமைந்தது. அதன் அறிக்கை 1969இல் மக்களவையில் வைக்கப்பட்டது. 1957க்கும் 1967க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் 542 கட்சித் தாவல்கள். 1967 தேர்தலுக்குப் பின் ஓராண்டிலேயே 438. இவ்வெண்கள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. அதிகம் பேசப்பட வேண்டியது வேறோர் எண்: பல மாநிலங்களில் தாவிய 210 உறுப்பினர்களில் 116 பேர் அமைச்சரவைகளில் இடம்பெற்றனர். பாதிக்கு மேல். தாவியவரின் குணக்கேட்டைவிட, தாவ அழைத்தவரின் கையிலிருந்த பதவி இங்கே பெரிது. அதை உணர்ந்துதான் குழு, தாவியவரை ஓராண்டு அமைச்சராக்கக் கூடாது என்றும் அமைச்சரவையின் அளவுக்கே வரம்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. வரம்பு வந்தது 2003இல், தொண்ணூற்றோராம் திருத்தத்தில். அதாவது முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து. தாவியவரைத் தண்டிக்கும் சட்டம் அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது.

1985இன் ஐம்பத்திரண்டாம் திருத்தம் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தது. அரசியல் கட்சி என்ற அமைப்பை அரசமைப்புச் சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது அப்போதுதான். அதுவரை சட்டத்தின் கண்ணில் வாக்காளர் தேர்ந்தெடுத்தது ஓர் ஆளையே. அவ்வகையில் 1967இன் கயா லால் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. கட்சி மாறினார் என்பதைவிட, கட்சி இல்லாதவர் கட்சிகளிடையே அலைந்தார் என்பதே சரி. புதிய அட்டவணை இந்த வாசலை முற்றாக அடைத்தது. சுயேச்சையாக வென்றவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். நியமன உறுப்பினருக்காவது ஆறு மாத அவகாசம் உண்டு. சுயேச்சைக்கு ஒரு நாளும் கிடையாது. கட்சி உறுப்பினர்களுக்கோ வேறு கணக்கு. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது ‘பிளவு’, குற்றமன்று. மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் அது ‘இணைப்பு’, குற்றமன்று. முன்னது 2003இல் நீங்கியது. பின்னது இன்றும் இருக்கிறது. சில்லறைக்குத் தண்டனை, மொத்த வணிகத்துக்கு விலக்கு. சிலேடை பாகுபடுத்திய அதே கோட்டில்தான் சட்டமும் பாகுபடுத்தியது.

இந்தப் பாகுபாடு காகிதத்தோடு நின்றதா என்றால், ஹரியானாவே விடை தருகிறது. 2004 ஜூனில் சுயேச்சைகள் சிலர் காங்கிரசில் சேர்ந்ததாகப் புகார் எழுந்தது. தொலைக்காட்சிப் பேட்டிகளே சான்று. பேரவைத் தலைவர் இரண்டு வாரத்துக்குள், மாநிலங்களவைத் தேர்தலுக்குச் சில நாள் முன்பாக, அவர்களைத் தகுதிநீக்கம் செய்தார்; 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2009 தேர்தலில் 90 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 40. ஹரியானா ஜனஹித் காங்கிரசின் ஆறு உறுப்பினர்களில் ஐவர் காங்கிரசுக்குச் சென்றனர். அப்போதைய பேரவைத் தலைவர் அதை ‘இணைப்பு’ என்று ஏற்றார். அது செல்லாது என்று பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 அக்டோபரில். அடுத்த சட்டமன்றத் தேர்தல் நடந்ததும் அதே மாதத்தில்தான். ஒரு பக்கம் இரண்டு வாரம், மறுபக்கம் ஐந்தாண்டு.

சுயேச்சை என்ற இனமே இதற்கிடையில் மெலிந்தது. கலைப்புக்குப் பின் 1968 மே மாதம் நடந்த இடைத்தேர்தலில் காங்கிரஸ் மீண்டும் சரியாக 48 இடங்களையே பெற்றது. பன்சி லால் முதலமைச்சரானார். சுயேச்சைகளோ பதினாறிலிருந்து ஆறாகக் குறைந்தனர். வாக்காளர்கள் கட்சியைத் தண்டிக்கவில்லை, தனியாள்களைத் தண்டித்தனர் என்று இதைப் படிக்கலாம். ராவ் வீரேந்திர சிங் தமக்கென ஒரு கட்சி கண்டு 16 இடங்களை வென்றதையும் சேர்த்துப் படித்தால், தனியாளாக நிற்பதன் விலை என்னவென்று அரசியல்வாதிகளும் கற்றுக்கொண்டனர் எனலாம். 1996இல், மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு வாக்குச்சீட்டு புத்தகமான அதே ஆண்டில், சட்டமன்ற வேட்பாளரின் காப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும்.

கயா லாலின் மகன் உதய் பான் பின்னாளில் அதே வட்டாரத்திலிருந்து சட்டமன்றம் சென்றார். 2022இல் ஹரியானா காங்கிரசின் தலைவரானார். அவரைப் பற்றிய செய்திகளிலும் தந்தையின் தொடர் தவறாமல் ஒரு பத்தியாக இடம்பெறும். ஹசன்பூர் தொகுதி இப்போது இல்லை. மறுவரையறைக்குப் பின் 2009 தேர்தல் முதல் அவ்வட்டாரம் ஹோடல் தனித்தொகுதியில் அடங்கியது. கயா லால் 1967இல் ஹோடலில் வென்றார் என்றே இன்று பல குறிப்புகள் எழுதுகின்றன.