மூலம், தாது, வேர்

'வேர்' என்பது மரஞ்செடி கொடிகளின் உறுப்பொன்றன் பெயர். கணிதமும் மொழியியலும் அதனைக் கலைச்சொல்லாக எடுத்தாண்டுள்ளன. மூன்று துறையிலும் அது ஒரு பொருளே தருவதாகக் கொள்வதனால் சொல்லாராய்ச்சியில் நேரும் பிழை சிறிதன்று.

கணித வழக்கு மிகப் பழையது. கி. பி. 499 அளவில் எழுந்த ஆரியபடீயம் வர்க்கமூலமும் கனமூலமும் காணும் முறைகளைக் கூறுகின்றது. வடமொழியில் மூலம் என்பது வேரே. மருத்துவ நூலார் பத்து வேர்களின் தொகுதியைத் தசமூலம் என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிசுமி அரபு மொழியில் இயற்றிய இயற்கணித நூலிலும் வேரைக் குறிக்கும் 'ஜத்ர்' என்னும் சொல் பயில்கின்றது. 12-ஆம் நூற்றாண்டில் அந்நூலை இலத்தீனிற் பெயர்த்தோர் அதனை 'ராடிக்ஸ்' என்றனர். அதற்கும் வேர் என்பதே பொருள். 'மூலமும் உரையும்' என்னும் வழக்கிற் பழகிய நம் செவிக்கோ வர்க்கமூலம் என்பதில் வேர் ஒலிப்பதில்லை.

வடமொழி இலக்கணத்தார் வினையடியை மூலம் என்னாது தாது என்றனர். பாணினீய மரபின் தாதுபாடம் ஏறத்தாழ 2000 தாதுக்களைத் தொகுத்துரைக்கும். 11-ஆம் நூற்றாண்டினதாகிய வீரசோழியம் அம்மரபைத் தழுவித் தாதுப்படலம் வகுத்தது. (அச்சொல் தமிழில் பூந்துகளையும் குறித்தலின், வகுப்பறையில் மாணாக்கர் நகைத்தலும் உண்டு.) நன்னூலார் பகுதி என்றார், பகுபதத்தைப் பிரிக்குங்கால் கிடைக்கும் முதலுறுப்பு அது. வேர்ச்சொல் என்னும் வழக்கோ ஐரோப்பிய ஒப்பிலக்கணத்தின் வழி வலுப்பெற்றது. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் திராவிட வேர்களைத் தனியே ஆராய்கின்றது.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. வித்து முளைக்குங்கால் பெரும்பாலும் முதற்கண் வெளிப்படுவது முளைவேர்; ஆகலின் வேர் முந்தியது என்பது தாவரவியலிற் கண்ணாற் காணும் உண்மை. கணிதத்தில் அம்முறைமை இல்லை. 3 என்பது 9-இனும் மூத்ததன்று. 9-இன் மூலம் ஒன்றுமன்று, -3 என்பதும் அதன் மூலமே. மொழியிலோ வேர்ச்சொல் என்று பெயரிட்ட அளவிலேயே, பண்டை மக்கள் முதன்முதற் பேசிய சொல் அதுவே எனத் துணிந்து எழுதிவிடுகின்றோம். நம் முனைவர்பட்ட ஆய்வேடும் இதற்கு விலக்கன்று. நட என்பது நடந்தான், நடப்பான், நடை என்பவற்றின் அடியாக நிற்பதோடு தனித்து ஏவலாகவும் வருதலின், தமிழில் இம்மயக்கம் மிகுதி.

வா என்னும் வினையை நோக்குக. வந்தான் என்பதில் வ, வருவான் என்பதில் வரு, ஏவலில் வா. நன்னூல் வழியினர் வா என்பதைப் பகுதியாக்கி, ஏனையவற்றை விகாரம் என்பர். இது சொல்லமைப்பை விளக்கும் முறையேயன்றி, வா எனப் பேசியவர் முன்னும் வரு எனப் பேசியவர் பின்னும் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றன்று. மண்ணுள் மறைந்து கிடப்பதனால் இஞ்சியையும் மஞ்சளையும் உலகர் வேர் என்பர். கணுவும் செதிலிலையும் அரும்பும் கண்டு, அவை தண்டே என்று தாவரவியலார் துணிந்தனர்.