கனவடிவ ஓவியர் கற்ற கல்வி

ஓவியக் கல்வி ஆசிரியரிடத்தும் கலைக்கழகத்திடத்தும் பெறப்படுவதென்பது பொதுவழக்கு. எனினும், புதியதொரு கலைநெறி தோன்றுங்காலத்து அதனைக் கற்பிக்க வல்லார் எவருமிலர். கற்போரே அதனை ஆக்கிக்கொள்ளல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிஸ் நகரில் எழுந்த கியூபிசம் எனப்படும் கனவடிவ நெறி இதற்குத் தக்க சான்றாகும். புட்டி, கிண்ணம், கனி, கித்தார் முதலியவற்றை மேசைமேல் வைத்து வரையும் அசையாப்பொருட் சித்திரமே அந்நெறியினர்க்குச் சிறந்த பயிற்சிக்களமாய் அமைந்தது.

ஓரிடத்தில் நின்று நோக்குவார்க்குத் தோன்றுமாறே பொருளை வரைதல் வேண்டும் என்பது மறுமலர்ச்சிக் காலந்தொட்டு ஐரோப்பிய ஓவியர் போற்றிய விதி. இவ்விதியை நெகிழ்த்தவர் செசான். அவர் சித்திரங்களிற் கலத்தின் வாய் மேலிருந்தும், உடல் பக்கத்திருந்தும் நோக்கியவாறு தோன்றும். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1907இல் அவருடைய ஓவியங்கள் பாரிசிற் பெருங்காட்சியாக வைக்கப்பட்டன. அவற்றால் ஊக்கமுற்ற இளைஞருள் ஜோர்ஜ் பிராக்கும் பிக்காசோவும் தலையாயவர். பிராக்கின் 1908ஆம் ஆண்டு ஓவியங்களைக் கண்ட வோசெல் என்னும் திறனாய்வாளர், யாவும் கனசதுரங்களாயின என எள்ளினார். அவ்வேளனத்தினின்றே இந்நெறியின் பெயர் பிறந்தது.

இவ்விருவரும் ஒருவர் வேலையை மற்றவர் நாடோறும் கண்டு, ஆசிரியரும் மாணவரும் தாமேயாய்ப் பயின்றனர். பல கோணங்களிற் கண்டவற்றை ஒரே படத்தில் அமைக்கப் புகுந்தமையால், 1911ஆம் ஆண்டளவிற் பொருளை அடையாளங்காண்டலே அரிதாயிற்று. இவ்விடரைத் தீர்க்க உதவியது கலைக்கழகக் கல்வியன்று. வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலேயாம். பிராக் அத்தொழிற் குடும்பத்திற் பிறந்து அதனைக் கற்றவர். அச்செழுத்துக்களைப் பதிக்கும் முறையையும், சீப்பினால் மரத்தின் வரிகளைப் போலச்செய்யும் முறையையும் அவர் ஓவியத்திற் புகுத்தினார். 1912ஆம் ஆண்டு செப்டெம்பரில், மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை ஒட்டி, கரியினால் ஒரு கனித்தட்டையும் கிண்ணத்தையும் வரைந்தார். முன்னரே அவ்வாண்டிற் பிக்காசோவும் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியைத் தம் சித்திரமொன்றில் ஒட்டியிருந்தார். இவ்வாறு மெய்ப்பொருளின் தொடர்பு மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

இவர்களை அணுகிக் கற்றவர் யுவான் கிறிஸ். 1887இல் மாட்ரிட்டிற் பிறந்து, 1906இல் பாரிசை அடைந்து, பிக்காசோ வாழ்ந்த கட்டடத்திலேயே குடியிருந்தார். நகைச்சுவை ஏடுகளுக்குப் படம் வரைந்து பிழைத்துக்கொண்டே, அயலில் நிகழ்வனவற்றை உற்றுநோக்கினார். 1912இல் அவருடைய ஓவியங்கள் பொதுக்காட்சியில் இடம்பெற்றன. அவர் கற்றாரேயன்றிப் படியெடுத்தாரல்லர். ஏனையோர் பழுப்பும் சாம்பலுமாய்த் தீட்டியபோது அவர் ஒளிமிக்க வர்ணங்களைக் கையாண்டார். அவர்கள் பொருளைப் பகுத்து வடிவங்கண்டனராக, அவர் வடிவங்களை முதலில் அமைத்து அவற்றினின்று பொருளைத் தோற்றுவித்தார். 1914ஆம் ஆண்டுப் போரினால், அவருடைய ஓவியங்களை விற்றுவந்த கான்வைலர் ஜெர்மானியராதலின் பாரிசுக்குத் திரும்பவியலாதவரானார். கிறிஸ் வறுமையுற்றும் பயிற்சியைக் கைவிட்டிலர். 1924இற் சோபோன் பல்கலைக்கழகத்தில் ஓவியத்தைப்பற்றி விரிவுரையாற்றிய அவர், 1927இல் தம் நாற்பதாம் வயதிற் காலமானார்.

கோடுகளைக் கோணலாக்கினாற் கனவடிவ ஓவியம் ஆகிவிடும் எனக் கருதுவோர் உளர். மேற்கூறிய வரலாறு அதனை மறுக்கும். புறத்தோற்றத்தைப் படியெடுத்தல் ஒரு நாளிற் கைகூடும். மேசைமேலுள்ள ஒரு கிண்ணத்தைப் புதிதாய்க் காணும் பார்வையோ பல்லாண்டு உழைப்பினாலன்றி வாய்ப்பதன்று. அண்டையிலிருந்தோரிடம் கற்றும் தம்வழியே சென்ற கிறிசின் வாழ்வு, ஓவியத்துக்கேயன்றி எக்கல்விக்கும் பொருந்துவதோர் உண்மையை உணர்த்துகின்றது.