அரிய பிரிட்டிஷ் கார்களும் இரவல் பாகங்களும்

1908-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு வினோதமான சோதனையை நடத்தியது. அமெரிக்காவில் தயாரான மூன்று கடிலாக் கார்களை முழுவதுமாகப் பிரித்து, பாகங்களை ஒன்றோடொன்று கலந்தார்கள். 89 பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனையாளரின் கையிருப்பில் இருந்த புதிய பாகங்களை வைத்தார்கள். பிறகு அந்தக் குவியலிலிருந்தே மூன்று கார்களையும் மீண்டும் பூட்டினார்கள். மூன்றும் 500 மைல் தூரம் பழுதின்றி ஓடின. கடிலாக்குக்கு டூவார் கோப்பை கிடைத்தது.

இதில் என்ன அதிசயம் என்று இன்று தோன்றலாம். அக்காலத்தில் பிரிட்டிஷ் பட்டறைகளில் தொழிலாளர்கள் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவி, அந்தந்தக் காருக்கு ஏற்றபடி பொருத்தினார்கள். ஒரே மாடலாக இருந்தாலும் ஒரு காரின் பாகம் இன்னொன்றில் சரியாக உட்காரும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட காரில் ஒரு பாகம் உடைந்தால் புதிதாகச் செய்வதுதான் வழி.

பிற்காலச் சிறு நிறுவனங்களின் கதை வேறு. ஆண்டுக்குச் சில நூறு கார்கள் மட்டுமே செய்யும் நிறுவனம் ஒரு பின்விளக்குக்காகத் தனி அச்சு செய்தால் கட்டுப்படியாகுமா? ஆகவே மின்சாதனங்களை லூகாஸிடமும், கார்புரேட்டரை எஸ்.யு.விடமும், மீட்டர்களை ஸ்மித்ஸிடமும் வாங்கினார்கள். மற்றவற்றைப் பெரிய நிறுவனங்களின் சாதாரண கார்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சில உதாரணங்கள்:

* 1976-ல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எஸ்பிரிட்டின் கதவுக் கைப்பிடி, சாதாரணக் குடும்பக் காரான மோரிஸ் மரீனாவினுடையது.
* 1967-ல் அறிமுகமான ஜினெட்டா ஜி15-ன் இன்ஜின் ஹில்மேன் இம்ப்பினுடையது. இம்ப் நான்கு லட்சத்துக்கும் மேல் தயாரானது.
* 300-க்கும் குறைவாகவே தயாரான ஜாகுவார் எக்ஸ்ஜே220-ன் பின்விளக்குகள் ரோவர் 200 காரிலிருந்து வந்தவை.

அன்று சிக்கனத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் இன்று அந்தக் கார்களை உயிரோடு வைத்திருக்கிறது. லோட்டஸ் என்று தேடினால் கிடைக்காத கைப்பிடி, மரீனா என்று தேடினால் கிடைத்துவிடும், விலையும் குறைவு! அதனால்தான் பழைய கார் சங்கங்கள், எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வந்தது என்ற பட்டியலைப் பொக்கிஷம் போலக் காக்கின்றன. பாகத்தின் மேல் பதித்திருக்கும் எண்தான் அவர்களுக்கு முதல் துப்பு.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. 1956-ல் வெளிவந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 இங்கிலாந்தில் 1959-ல் நின்றுபோனது. அதே கார்தான் நம் அம்பாசடராக 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரானது. அதனால் தாய்நாட்டில் அரிதாகிவிட்ட காருக்கு இங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாகங்கள் உருவாகிக்கொண்டிருந்தன.

ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதெல்லாம் பொருந்திவிடாது. 1923-ல் மோரிஸ் வாங்கிய கோவென்ட்ரி இன்ஜின் தொழிற்சாலை, ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. அதன் மெட்ரிக் மரை அளவுகள் பின்னாளில் எம்.ஜி. டி வரிசை இன்ஜின்கள் வரை தொடர்ந்தன. போல்ட்டின் தலையோ பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பானருக்குப் பொருந்தும். தலையை மட்டும் பார்த்து விட்வொர்த் போல்ட்டை முறுக்கினால் மரை கெட்டுவிடும்.

இரவல் வாங்காத பாகங்கள்தான் உண்மையான தலைவலி. முன்கண்ணாடி, உடல் தகடுகள் போன்றவை அந்தக் காருக்கென்றே செய்யப்பட்டவை. பழைய அச்சுகள் தப்பியிருந்தால் அதிர்ஷ்டம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988-ல் எம்.ஜி.பி. காரின் முழு உடலையும் மீண்டும் தயாரிக்க முடிந்தது இப்படித்தான். எம்.ஜி.பி. லட்சக்கணக்கில் விற்ற கார் என்பதால் அது கட்டுப்படியானது. சில நூறு மட்டுமே பிறந்த காருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஒரு அரிய கார் எத்தனை காலம் ஓடும் என்பதை அதன் சிறப்பு அம்சங்கள் தீர்மானிப்பதில்லை. சாதாரண கார்களோடு அதற்கு எவ்வளவு உறவு இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.