வீடு வாங்குபவரின் சொலிசிட்டரைத் தேர்ந்தெடுப்பது யார்? இங்கிலாந்து, 1804–2018

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு வாங்குபவர், விற்பவர், வீட்டுக்கடனை வேறு வங்கிக்கு மாற்றுபவர் ஆகிய மூவரும் பொதுவாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மூலப்பத்திரங்களைச் சரிபார்த்து, உரிமையைச் சட்டப்படி மாற்றித் தர ஒரு சொலிசிட்டரையோ கன்வேயன்சரையோ அமர்த்துவார்கள். (ஸ்காட்லாந்தின் நிலச்சட்டம் வேறு, அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.) கட்டணம் கேட்டு, ஒப்பிட்டு, பிடித்தவரை அமர்த்தும் வழக்கம் காலங்காலமாக இருந்துவந்ததுபோல் தோன்றும். ஆனால் அது வந்து ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் சட்டமும் தொழில்விதிகளும் அந்தத் தேர்வுக்கு இடம் தரவில்லை. இடம் கிடைத்த பிறகோ, தரகரும் கடன் கொடுப்பவரும் அதில் பெரும்பங்கைத் தமதாக்கிக்கொண்டார்கள். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

நிலம் பற்றிய ஒப்பந்தங்கள் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1677ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எழுதுபவர் இவர்தான் என்ற கட்டாயம் அப்போது இல்லை. லண்டனில் 1617இல் அரச சாசனம் பெற்ற பத்திர எழுத்தர் சங்கத்தாரும் இன்றைய சொலிசிட்டர்களின் முன்னோடிகளான அட்டர்னிகளும் இந்த வேலைக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மோதிக்கொண்டார்கள். அட்டர்னிகளின் கை ஓங்கியது. அந்த வெற்றியைச் சட்டமாக்கிக் கொடுத்தது 1804ஆம் ஆண்டு முத்திரைத்தீர்வைச் சட்டம். பிரதமர் வில்லியம் பிட் சட்டத் தொழிலர் மீதான வரியை உயர்த்தினார். அதற்கு ஈடாக, தகுதிச் சான்று இல்லாதவர் கூலி வாங்கிக்கொண்டு சொத்துப் பத்திரம் எழுதுவது தண்டனைக்குரியதாயிற்று. நூற்றெண்பது ஆண்டுகள் நீடித்த ஒரு தனியுரிமை, வாங்குபவரின் பாதுகாப்புக்காக அல்லாமல் கருவூலத்துக்குப் பணம் சேர்க்கும் பேரத்தில் பிறந்தது. பின்னாளில் தொழிலர்கள் பொதுநலத்தின் பேரில் இத்தனியுரிமையைக் காத்துப் பேசியபோதெல்லாம் இந்தப் பிறப்பை நினைவில் கொள்வது அவசியம்.

வேலை கடினமானது என்பதை மறுப்பதற்கில்லை. தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்க்கிறோமே, அப்படி ஒரு வழி யார்க்‌ஷயர், மிடில்செக்ஸ் நீங்கலான இங்கிலாந்தில் இருக்கவில்லை. விற்பவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரக்கட்டுதான் சான்று. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னோக்கி உரிமைத்தொடரை ஆராய வேண்டியிருந்தது. 1874இல் அது நாற்பதாகவும், 1925இல் முப்பதாகவும், 1969இல் பதினைந்தாகவும் குறைந்தது. கூலியோ பத்திரத்தின் நீளத்தைப் பொறுத்தது. எழுபத்திரண்டு சொற்கள் ஒரு ஃபோலியோ. ஃபோலியோ ஏற ஏறக் கட்டணம் ஏறும். பழைய ஆங்கிலப் பத்திரங்களின் மூச்சுமுட்டும் நீளத்துக்கு இதுவும் ஒரு காரணம். 1881ஆம் ஆண்டு சொலிசிட்டர் ஊதியச் சட்டம் இதை மாற்றி, சொத்தின் விலைக்கேற்ற கட்டண விகிதத்தைக் கொண்டுவந்தது. பத்திரங்கள் சுருங்கின. ஆனால் எளிய வீடானாலும் சிக்கலான வீடானாலும் விலை ஒன்றென்றால் கூலியும் ஒன்று என்றாயிற்று.

உரிமையை அரசே பதிந்து உறுதி சொன்னால் இந்தத் தேடல் பெரும்பாலும் தேவையற்றதாகிவிடும். 1862இலேயே நிலப்பதிவகம் நிறுவப்பட்டது. விருப்பப் பதிவு என்பதால் சிலரே அதை நாடினர். 1897ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப் பதிவைக் கொண்டுவந்தபோதும், அந்தந்த மாவட்ட மன்றத்தின் விருப்பத்துக்கு அதை விட்டது. விரும்பிக் கேட்டது லண்டன் மட்டுமே. வருமானம் போய்விடும் என்று அஞ்சிய சொலிசிட்டர்களின் எதிர்ப்பே பதிவு முடங்கக் காரணம் என்று வரலாற்றாய்வாளர் ஏவ்னர் ஆஃபர் வாதிட்டார். வேறு ஆய்வாளர்கள் நிலவுடைமைச் சட்டத்தின் உட்சிக்கல்களுக்கும் இதில் இடமளிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன என்பது என் கணிப்பு. எப்படியாயினும், நாடு முழுவதும் கட்டாயப் பதிவு வந்து சேர 1990 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு காலம் இது பொதுமக்கள் பிரச்சினையாகாததற்குக் காரணம், சொந்த வீட்டில் குடியிருந்தவர்கள் சிறுபான்மையினர் என்பதே. 1918இல் நூற்றுக்கு 23 குடும்பங்களுக்கே சொந்த வீடு. 1971இல் ஏறத்தாழப் பாதிக்கு வந்துவிட்டது. பஸ் ஓட்டுநரும் ஆசிரியையும் சொலிசிட்டர் வாசலுக்கு வந்தார்கள். 1936ஆம் ஆண்டுத் தொழில்விதிகள் விளம்பரத்தையும் ஆள்பிடிப்பையும் தடுத்திருந்ததால், யார் திறமையானவர் என்று அறிய அவர்களுக்கு வழியில்லை. தெரிந்தவர் சொன்ன பெயரும் கடைத்தெருப் பெயர்ப்பலகையும்தான் வழிகாட்டி. 1968இல் விலை, வருமான வாரியம் ஆராய்ந்தபோது, சொலிசிட்டர்களின் வருமானத்தில் பாதிக்கு மேல் சொத்துரிமை மாற்றத்திலிருந்தே வந்தது தெரிந்தது. வீடு வாங்குபவரின் பணம் நீதிமன்ற வேலைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. 1973 ஜனவரியில் கட்டண விகிதம் ஒழிந்தது. மூன்றாண்டு கழித்து மைக்கேல் ஜோசப் என்ற சொலிசிட்டரே தன் தொழிலை மோசடி என்று தலைப்பிலேயே குற்றம்சாட்டிய நூலை வெளியிட்டார். ஆயினும் 1979இல் சட்டச் சேவைகளை ஆராய்ந்த பென்சன் ஆணையம் தனியுரிமை நீடிக்கட்டும் என்றது.

அந்தச் சுவரை அசைத்தவர் கிரிம்ஸ்பி தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் ஆஸ்டின் மிட்செல். 1983இல் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா இரண்டாம் வாசிப்பில் வென்றது. அரசு தானே சட்டம் செய்வதாக வாக்களித்து அவரைப் பின்வாங்க வைத்தது. 1984இல் சொலிசிட்டர்கள் விளம்பரம் செய்ய அனுமதி கிடைத்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொலிசிட்டர் அல்லாத, உரிமம் பெற்ற கன்வேயன்சர்கள் 1987 முதல் களத்தில் இறங்கினார்கள்.

பொருளியல் ஆய்வுகள் இங்கே தெளிவைத் தருகின்றன. போட்டியாளர் வருமுன்பே, வரப்போகிறார் என்ற அச்சமே கட்டணத்தைக் கீழிறக்கியது என்று டோம்பர்கரும் ஷெர்ரும் 1989இல் காட்டினார்கள். ஆனால் ஸ்டீஃபனும் உடன் ஆய்வாளர்களும் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, புதியவர்களும் பழையவர்களும் ஒருவரையொருவர் ஒத்து நடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆரம்ப ஆதாயம் கரைந்துகொண்டிருந்தது. போட்டியை ஒருமுறை திறந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கைக்கு இது வலுவான மறுப்பு.

அடுத்த மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. ஆள் அனுப்புபவருக்குச் சொலிசிட்டர் பணம் தருவதற்கு இருந்த தடை 2004 மார்ச்சில் நீங்கியது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இத்தகைய பரிந்துரைக் கட்டணத்தை 2013 முதல் தடைசெய்த நாடாளுமன்றம், வீட்டுரிமை மாற்ற வேலையில் அதை விட்டுவைத்தது. இது தவறு என்றே கருதுகிறேன். வீட்டுக்கு விலைபேசி முடித்த நாளில், அவசரத்தில் இருப்பவருக்கு எஸ்டேட் ஏஜென்ட் நீட்டும் பெயர், அவருக்கு அதிகம் தருபவரின் பெயராக இருக்கக்கூடும். அந்தப் பெயரை ஏற்காதவரை வேறுபடுத்தி நடத்தக் கூடாது என்று எஸ்டேட் ஏஜென்ட்களுக்கான 1991ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. மறுத்தால் வீடு கைநழுவுமோ என்ற பயத்தை எந்த ஆணையும் நீக்காது.

கடன் கொடுப்பவரின் பிடி இன்னும் இறுக்கமானது. வழக்கமாக ஒரே சொலிசிட்டர் வாங்குபவருக்கும் வங்கிக்கும் சேர்த்து வேலை செய்வதால், வங்கியின் பட்டியலில் இல்லாதவரை அமர்த்தினால் செலவு கூடும். 2012இல் எச்.எஸ்.பி.சி. வங்கி தன் பட்டியலை 43 நிறுவனங்களாகச் சுருக்கியபோது தொழிலே அதிர்ந்தது. கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போதோ ‘சட்டச் செலவு இலவசம்’ என்ற சலுகை பெரும்பாலும் கூடவே வரும். அதில் வரும் கன்வேயன்சர் பொதுவாக வங்கிக்காகவே வேலை செய்பவர். கடனாளிக்கு ஆலோசனை சொல்வது அவர் பொறுப்பில் இராது.

ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர் உறவினர் சொன்ன, தமிழ் பேசும் சொலிசிட்டரை நாடுவது இந்தப் பின்னணியில் பொருளுள்ளது. தரகரின் சங்கிலிக்கு வெளியே நின்று தேர்ந்தெடுக்க மிஞ்சியிருக்கும் வழிகளில் அறிமுகமும் ஒன்று.

தேர்வில் பணயம் என்ன என்பதை 2018இல் ட்ரீம்வார் வழக்கு காட்டியது. உரிமையாளர் போல் நடித்த ஒருவரிடம் லண்டன் வீட்டுக்காகப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. வாங்கியவர் தரப்பு, விற்றவர் தரப்பு இரண்டின் சொலிசிட்டர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, கட்டணம் கொடுத்து வாங்குவதில் காப்பீட்டுடன் கூடிய பொறுப்பும் அடங்கும்.

போட்டி ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 2018 டிசம்பர் முதல் சொலிசிட்டர் நிறுவனங்கள் வீட்டுரிமை மாற்ற வேலைக்கான கட்டணத்தையும், வேலை செய்வோரின் தகுதியையும், வழக்கமான கால அளவையும் வெளியிட வேண்டும். ஒருவர் கையில் ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்பது அந்தப் பட்டியலில் இல்லை; தாமதமும் தவறும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. பரிந்துரைக்காகத் தரகருக்குத் தந்த தொகையைச் சொலிசிட்டர் வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் அந்தத் தகவல் வந்து சேரும் நேரத்தில் சொலிசிட்டர் தேர்வு அநேகமாக முடிந்திருக்கும்.