குரோவ் தெருவின் வாத்தியார்

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளுக்காக 1988-ல் வந்த 1725-வது மசோதாவைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால், நார்பர்ட் பிஷாஃபைச் சொல்லாமல் அந்த மசோதாவைத் தொடவே கூடாது.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், மெரிட் கல்லூரி ஆசிரியர் அவர். சமுதாயக் கல்லூரி வாத்தியார்களை உயர்நிலைப் பள்ளி வாத்தியார்களைப் போலவே நடத்திய காலம் அது. பாடத்திட்டத்தை நிர்வாகம் முடிவு செய்யும், ஆசிரியர் நடத்துவார். 1963-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய 48-ம் எண் தீர்மானம்தான் முதல் உடைப்பு. கல்வி சார்ந்த விஷயங்களில் ஆசிரியர்களின் குரலாக ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு செனட் வேண்டும் என்றது அது. சம்பளம் பேச அல்ல, பாடம் பேச!

அந்தச் செனட்டுக்குச் சட்ட பலம் தேடி அலைந்தவர்களில் முன்வரிசைக்காரர் பிஷாஃப். மாநில அளவிலான ஆசிரியர் செனட் 1969-ல் உருவானது.

மெரிட் கல்லூரி அப்போது குரோவ் தெருவில் இருந்தது. ஹ்யூயி நியூட்டனும் பாபி சீலும் அங்கேதான் மாணவர்கள். கறுப்பின மக்களின் வரலாற்றைப் பாடமாக வையுங்கள் என்று அந்த வளாகத்து இளைஞர்கள் கேட்டார்கள். 1966 அக்டோபரில் நியூட்டனும் சீலும் கறுஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். 1968-ல் கறுப்பினத்தவரான நார்வெல் ஸ்மித் கல்லூரித் தலைவரானார். கறுப்பினக் கல்வி அங்கே தனித்துறையாகவே வளர்ந்தது. துப்பாக்கி ஏந்திய சிறுத்தைகளின் படங்களை உலகம் பார்த்தது. என்ன பாடம், யார் நடத்துவது என்று வாதாடிய வாத்தியார்களை யாரும் படமெடுக்கவில்லை. என் கணக்கில் அவர்களும் வீரர்களே. மாணவன் கேட்ட பாடம் வகுப்புக்குள் வர, எவராவது கமிட்டியில் உட்கார்ந்து மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

நிர்வாகப் பதவிக்குப் போன பேராசிரியர்கள் பலர் இந்த வாதத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர் உரிமைக்காகப் போராடுகிறவருக்கு மாநில செனட் வழங்கும் விருது இன்றும் பிஷாஃப் பெயரில்தான் இருக்கிறது.

இடம் தீர்ந்துவிட்டது. பாடவேளைகளில் 75 சதவீதத்தை முழுநேர ஆசிரியர்களே நடத்த வேண்டும் என்று 1725 வைத்த இலக்கைப் பல கல்லூரிகள் இன்னும் எட்டவில்லை. அந்தக் கதை அடுத்த வாரம்.