கை நுழையாத இடத்தில் ஒரு துளை



வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் நண்பர்களோடு சேர்ந்து கிட் விமானம் கட்டுகிறார். பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும், கோர்ப்பது நம் வேலை. போனில் பேசியபோது பறக்கப் போவதைச் சொல்வார் என்று பார்த்தால், "வால் பக்கத்துக்குள்ள டிரில் மிஷின் நுழையல சார்" என்று அதையே புலம்பினார். அன்றிலிருந்து துளையின் வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறேன்.

நம் ஊர் ஆசாரிமார் வைத்திருந்த துறப்பணம் சிலருக்கு நினைவிருக்கும். ஒருவர் மேலே அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பார். கதவு நிலையைத் தரையில் கிடத்திப் போடும் துளைக்கு அது போதும். முழங்கை வீச இடமில்லாத மூலையில் உதவாது.

இந்தியாவின் ஆரம்பகால விமானங்களில் ஒன்று நம் சென்னையிலேயே உருவானது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், வண்டி கட்டுவதில் பெயர் பெற்ற சிம்ப்சன் நிறுவனத்தைக் கொண்டு அதைச் செய்வித்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். அக்கால விமானங்கள் பெரும்பாலும் மரச்சட்டமும் துணியும்தான். துணி போர்த்தும் முன்பே எலும்புக்கூடு முழுவதும் திறந்து கிடக்கும். எந்தப் பக்கமிருந்தும் தச்சர் கை வைக்கலாம்.

அலுமினியத் தகடு வந்ததும் அந்த வசதி போயிற்று. வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராப்டில், அமெரிக்காவிலிருந்து வந்த பாகங்களைக் கோர்த்து ஹார்லோ என்ற பயிற்சி விமானத்தை 1941 ஆகஸ்டில் பறக்கவிட்டார்கள். ஒரு வகையில் அதுவும் கிட் விமானம்தான்! உலோக விமானத்தில் தகடே சுவர், தகடே கூரை. மூட மூட உள்ளே இடம் சுருங்கும். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உயரம் குறைந்தவர்களைத் தேடி வேலைக்கு எடுத்து, இறக்கைக்குள் தவழ்ந்துபோய் வேலை செய்ய வைத்தார்கள். கருவி நுழையாத இடத்துக்கு மனிதரையே அளவு பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். படித்தபோது மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு துளைக்கா இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். 1952இல் பிரிட்டன் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டைச் சேவையில் விட்டது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்டுகள் நடுவானில் உடைந்து மத்தியதரைக் கடலில் விழுந்தன. 56 பேர் இறந்தனர். ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோது உடல் கிழிந்தது. ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலைகளில் அழுத்தம் குவிந்து, துளையோரத்தில் விரிசல் தொடங்கியிருந்தது. ரிவெட்டுக்கான துளைகளை டிரில் போடாமல் குத்தி எடுத்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. துளையின் விளிம்பில் இருக்கும் மயிரிழைக் கீறல் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும்.

இப்போதைய கிட்களில் பல துளைகள் தொழிற்சாலையிலேயே போடப்பட்டு வருகின்றன. அப்படியும் 2023இல், அமெரிக்காவின் பெரிய கிட் நிறுவனமான வான்ஸின் பாகங்களில் லேசரால் வெட்டிய துளைகளின் ஓரம், ரிவெட் தலைக்காகக் குழிவாக்கும்போது விரிசல் விட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. (லேசர் என்றாலே உயர்வு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.)

சரி, மூலையில் என்னதான் செய்வது? பிட் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் துளை நீள்வட்டமாகும், ரிவெட் தலை படியாது. அதனால் சாதாரண டிரில்லில் ஓரடி நீளப் பிட் போட்டு நேராக எட்டுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அது வளையும் என்பதால் ஒரு குழாயை உறையாக மாட்டி, விரலால் தாங்கிப் பிடிப்பார்கள். நேராக எட்டாவிட்டால் தலை 90 டிகிரி திரும்பிய ஆங்கிள் டிரில். பெல் சார்ந்த பட்டறைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிள் கிரைண்டர் தெரியும். தலை அதுபோலத் திரும்பியிருக்கும், ஆனால் மிகச் சிறியது. திருகி மாட்டும் குட்டிப் பிட்டுகள் அதற்கென்றே தனியாக உண்டு. பாம்புபோல் வளையும் தண்டுள்ள டிரில் கடைசிப் பட்சம், அதைச் செங்குத்தாகப் பிடிப்பது பெரும் பாடு.

இதையெல்லாம் அந்த மாணவருக்கும் அனுப்பினேன். ஆங்கிள் டிரில் வாங்கிவிட்டாராம். ஆனால் அதைவிட முக்கியமானதை அவரே கண்டுபிடித்திருந்தார்: மேல்தகட்டை மூடும் முன்பே, உள்ளே பின்னால் வரப்போகும் ஒயருக்கும் ஆன்டெனாவுக்கும் தேவையான துளைகளையெல்லாம் போட்டு, பிசிறு நீக்கி முடித்துவிடுவது. இப்போது அடுத்த பெட்டியைப் பிரிக்காமல் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார்.