கலத்தில் அடங்கிய உயிர்

வெங்காயச் செதிலின் உட்பக்கத்துத் தோலை மெல்ல உரித்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பாடம் சென்னைப் பள்ளியிலும் உண்டு, யாழ்ப்பாணப் பள்ளியிலும் உண்டு. இங்கே நுண்ணோக்கி, அங்கே நுணுக்குக்காட்டி. வரிசை வரிசையாகத் தெரியும் நீள்கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒதுங்கி நிற்கும் சாயமேறிய உருண்டை இங்கே உட்கரு, அங்கே கரு. ஆனால் அந்தக் கட்டத்தையே இங்குள்ள மாணவர் ‘செல்’ என்று எழுத, அங்குள்ளவர் ‘கலம்’ என்று எழுதுகிறார். ஒரே மொழியில் ஒரே பொருளுக்கு இரு பெயர் வழங்கினால், சொல்லில் சுவை காண்போர் அதைக் கடந்துபோக மாட்டோம் அல்லவா?

முதலில் ‘செல்’. அதன் ஊர் இலத்தீன். அங்கே அது ‘கெல்லா’. சிற்றறை, பண்டங்களைப் பதுக்கும் உள்ளறை என்று பொருள். மறைத்தல் என்னும் வினையோடு உறவுடைய சொல் அது. ககரம் பிற்காலத்தில் சகர ஒலிக்கு நெகிழ்ந்தது. கன்னடத்துக் ‘கிவி’ நம்மிடம் ‘செவி’யாக ஒலிப்பதை அறிந்த தமிழ்க் காதுக்கு இந்த நெகிழ்ச்சி புதிதன்று. துறவியர் மடத்துத் தனியறைக்கு வழங்கிவந்த இப்பெயரை உயிரியலுக்குக் கொண்டுவந்தவர் இராபர்ட் ஊக். இலண்டனில் 1665-இல் வெளிவந்த ‘மைக்ரோகிராபியா’ என்னும் நூலில், சவரக்கத்திபோலத் தீட்டிய பேனாக்கத்தியால் தக்கையை மெல்லிய சீவலாகச் சீவி, சீவல் வெண்மையாக இருந்ததால் கருந்தகட்டின்மேல் வைத்து, கண்ணாடி வில்லையால் ஒளி குவித்துப் பார்த்ததை அவர் எழுதுகிறார். கண்டவை தேனடைபோல் அறையறையாகப் பிரிந்த வெற்றிடங்கள். வியப்போடு விடாமல் எண்ணவும் செய்தார்: அங்குலத்தின் 18-இல் ஒரு பங்கு நீளத்தில் ஏறத்தாழ 60 அறைகள், எனவே ஓர் அங்குலத்தில் 1,080, ஒரு கன அங்குலத்தில் 125,97,12,000!

அவர் பார்த்தது மரப்பட்டையின் இறந்த பகுதி. உள்ளிருந்தது உலர்ந்து மறைந்துபோக, சுவர்கள் மட்டும் எஞ்சியிருந்தன. ஆகவே ‘அறை’ என்று அவர் பெயரிட்டதில் பிழை இல்லை. குடியிருந்தவர் போனபின் வீட்டைப் பார்த்து இட்ட பெயர் அது. அந்தக் காட்சிக்கு நேராக நிற்கும் தமிழ்ச்சொல் ஒன்று உண்டு: கண்ணறை. வலைக்கண், சல்லடைக்கண், தேங்காய்க்கண் என்று துளையையெல்லாம் கண்ணாகக் காணும் நம் வழக்கும் அறையும் கூடிய தொகை. ஊக் கண்ட தக்கைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் அறியேன். ஆனால் அது தக்கையோடு நின்றுவிடுகிறது.

1831-இல் இராபர்ட் பிரௌன் ஆர்க்கிடுச் செடிகளை ஆராய்ந்து உட்கருவுக்குப் பெயரிட்டார். 1838-இல் சிலைடன் செடிகளும், 1839-இல் சுவான் விலங்குகளும் இவ்வறைகளால் ஆனவை என்றார்கள். அறிவியலாரின் கவனம் சுவரிலிருந்து உள்ளிருக்கும் பொருளுக்குத் திரும்பியது. விலங்குக்கோ அந்தச் சுவரே இல்லை. ஆனாலும் பெயர் மாறவில்லை. மாறாத அப்பெயருக்குத் துணையாகக் கிரேக்கத்திலிருந்து இன்னொரு சொல்லை அழைத்தார்கள்: ‘கைட்டோஸ்’. உட்குழிவு, கொள்கலம் என்பன அதன் பொருள். சைட்டோபிளாசம் என்பதன் முன்பாதி இதுதான். இங்கும் ககரமே சகரமாயிற்று. இலங்கைத் தமிழர் சைட்டோபிளாசத்தைக் ‘குழியவுரு’ என்றும், குருதியின் செவ்வணுவைச் ‘செங்குழியம்’ என்றும் சொல்வதில் அந்த உட்குழிவு அப்படியே தெரிகிறது.

இனிக் ‘கலம்’. உண்கலம், அடுகலம், மட்கலம் என்று அடுக்களையில் தொடங்கி, மரக்கலமாய்க் கடலேறி, அணிகலமாய் உடலில் அமர்ந்து, படைக்கலமாய்க் கையில் ஏறி, பன்னிரண்டு மரக்கால் கொண்ட முகத்தலளவையாய் நெற்களத்திலும் நின்ற சொல் இது. அறைக்குச் சுவர் போதும். கலத்துக்கோ தன்னுள் ஏற்ற ஒன்று வேண்டும். கலத்தின் குற்றத்தால் நல்ல பால் திரிவதை வள்ளுவர் உவமையாக்கினார். கொள்வதற்கும் கொள்ளப்படுவதற்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கம். மென்சவ்வு பழுதானால் உயிர்ப்பொருளும் கெடும் என்னும் பாடத்துக்கு இந்தச் சொல் முன்பே ஆயத்தமாக இருந்தது.

தமிழ்நாட்டில் முன்பு பெருகி வழங்கியது ‘உயிரணு’. இனிய தொகைதான். ஆயினும் அணு என்றதும் பகுக்கவியலாத நுண்துகள் என்னும் பழம்பொருள் நினைவுக்கு வருகிறது. இதுவோ இரண்டாய்ப் பிரிந்து பெருகுவதையே இயல்பாகக் கொண்டது. பின்னர் ‘செல்’ வந்தது. வந்த இடத்தில் ஏற்கெனவே வேறு செல்கள் இருந்தன: போ என்னும் ஏவல், மேகமும் இடியும், ஏட்டை அரிக்கும் கறையான். ‘செல்லரித்த சுவடி’ என்பதை உயிரியல் மாணவர் எப்படிப் பொருள் கொள்வாரோ! கல் கற்களாகவும் சொல் சொற்களாகவும் புல் புற்களாகவும் புணர, இந்தச் செல் மட்டும் ‘செல்களாகவே’ நிற்பதிலிருந்து, நம் நாவே இதை இன்னும் நம் சொல்லாக ஏற்கவில்லை என்று தெரிகிறது. கலமோ கலங்கள், கலச்சுவர், கலமென்சவ்வு, தனிக்கலம் என்று எந்த உறுத்தலும் இன்றிப் புணர்கிறது. ‘கலப்பிரிவு’ என்பதில் மட்டும் ‘கலப்பு’ என்னும் நிழல் ஒரு நொடி விழும். அது பொறுக்கத்தக்க குறை.

கலம் நமக்கு அயலான கலைச்சொல்லும் அன்று. கைவிளக்கில் போடும் ‘செல்’லைத் தமிழ்நாட்டு இயற்பியல் பாடம் ‘மின்கலம்’ என்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். அதே அறிவியல் நூலில் சில பக்கம் தள்ளி உயிரியலுக்கு வந்தால் செல். குருதியைப் பற்றிய பாடத்தில் வெள்ளையணு, சிவப்பணு. ஒரு பெயர் ஒரே நூலில் மூன்றாய்ப் பிரிந்து கிடக்கிறது! மின்னைக் கொள்வதைக் கலம் என்று ஏற்றுக்கொண்ட நாம் உயிரைக் கொள்வதை அப்படி அழைக்கத் தயங்குவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தேர்வில் மாணவர் செல் என்றே எழுதட்டும். பாடம் நடத்தும் ஆசிரியர்கள் கரும்பலகையில் அதன் பக்கத்தில் கலம் என்றும் எழுதிக் காட்ட வேண்டுகிறேன். அதற்கு எந்தக் கலைச்சொற்குழுவின் ஆணையும் தேவையில்லை.